காவிரி டெல்டாவுக்கு மேல் என்ஜின் நின்றால்: வயலா, ஆற்று மணலா, ரோடா, பாராசூட்டா?

காற்றுத்திசை (இழை தொடக்கம்)

சேலம், திருச்சி பக்கமிருந்து கடற்கரை வரை கிராஸ் கன்ட்ரி (ஊர் விட்டு ஊர் தொலைதூரம்) பறக்கும் பயிற்சி விமான மாணவர்களுக்காக இந்த இழை. 2025 நவம்பரில் திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் ஒரு பயிற்சி விமானம் இறங்கியதிலிருந்து, "ரோடு கிடைத்தால் ரோடுதான்" என்ற பேச்சு கிளம்பியிருக்கிறது. புதுக்கோட்டை வறண்ட மேட்டு நிலம். தஞ்சாவூர் தாண்டி கிழக்கே போனால் கதையே வேறு. மேலேயிருந்து பார்த்தால் நாகப்பட்டினம் வரை தட்டை, எங்கே வேண்டுமானாலும் இறக்கலாம் போலத் தோன்றும்.

செஸ்னா 152, 172 ஒரு பக்கம். விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட் உள்ள சிரஸ் மாதிரி விமானங்கள் இன்னொரு பக்கம். எந்த மாதத்தில் எங்கே இறக்குவது, எப்போது பாராசூட் கைப்பிடியை இழுப்பது? வீரக்கதைகள் வேண்டாம். எண்ணும் காரணமும் போதும்.

---

கிளைடு68

முதலில் கணக்கு. 172எஸ் முழு எடையில் சிறந்த கிளைடு வேகம், அதாவது என்ஜின் இல்லாமல் அதிக தூரம் மிதக்கும் வேகம், 68 நாட் (மணிக்கு 68 கடல் மைல்). காற்றில்லாத நாளில் 1000 அடிக்கு ஏறத்தாழ ஒன்றரை கடல் மைல் போகும். டெல்டாவில் காற்றில்லாத நாள் அபூர்வம். ஆடி மாதம் 2000 அடியில் மேற்குக் காற்று 25 நாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே திருச்சியைப் பார்த்துத் திரும்பினால் அதே 1000 அடியில் ஒரு மைல்கூடத் தேறாது. கிழக்கே திரும்பினால் இரண்டு மைல். மாணவர்கள் தெரிந்த ஓடுபாதையை நோக்கி எதிர்காற்றில் இழுத்துக்கொண்டு போய், வழியில் இருந்த நல்ல வயலையெல்லாம் தாண்டிவிட்டு, கடைசியில் தென்னந்தோப்பில் முடிப்பார்கள். போய்ச் சேர வேண்டிய இடம் உங்களுக்குக் கீழேயும் காற்று போகும் பக்கத்திலும் இருக்கிறது.

இரண்டாவது, தரை தொடும் வேகம். 45 நாட்டில் தொடுகிறீர்கள். 15 நாட் எதிர்காற்று இருந்தால் தரைவேகம் 30. அதே காற்று பின்னாலிருந்து வந்தால் 60. வேகம் இரண்டு மடங்கு என்றால் ஆற்றல் நான்கு மடங்கு. உடம்பும் பெல்ட்டும் தாங்க வேண்டியது அந்த நான்கு மடங்கை.

சீரான 9 ஜி (புவியீர்ப்பின் ஒன்பது மடங்கு) வேகக்குறைப்பில், மணிக்கு 50 மைல் தரைவேகத்திலிருந்து நிற்க 9.4 அடி போதும். 100 மைல் என்றால் 37.6 அடி. இந்த எண்கள் அமெரிக்க விமானத்துறை எஃப்ஏஏவின் பறத்தல் கையேட்டில் இருக்கின்றன. அதாவது ஓடுபாதை நீளம் இல்லாவிட்டாலும் உயிர் பிழைக்கலாம். கடைசி வரை விமானம் உங்கள் கட்டுப்பாட்டில், மூக்கு சற்றுத் தூக்கி, குறைந்த வேகத்தில் தரையைத் தொட வேண்டும், அவ்வளவுதான். இறக்கை ஒடிந்தாலும் பரவாயில்லை. வயல் சின்னது என்று பயந்து 30 அடி உயரத்தில் மூக்கைத் தூக்கி ஸ்டால் ஆவதுதான் (இறக்கை தூக்குவிசையை இழந்து விழுவதுதான்) கொல்லும்.

152-லும் பழைய 172-லும் கார்புரேட்டர். நம் ஊர் ஈரப்பதத்தில் 30 டிகிரி வெயிலிலும், பவர் குறைத்து இறங்கும்போது கார்புரேட்டரில் ஐஸ் கட்டும். என்ஜின் தடுமாறியதும் கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்று அனுப்பும் குமிழை) முழுதாக இழுங்கள். எக்ஸாஸ்ட் சூடு இருக்கும்போதே இழுத்தால்தான் பலன். முதலில் ஐஸ் உருகித் தண்ணீர் உள்ளே போவதால் இன்னும் மோசமாக உதறும். அதைப் பார்த்துப் பயந்து உள்ளே தள்ளிவிடாதீர்கள்.

---

வெட்டாறு

நான் பைலட் இல்லைங்க. விவசாயம். இந்தக் குழுவில் டிரோன் மருந்தடிப்புக்காகச் சேர்ந்தவன். மண்ணைப் பற்றி மட்டும் சொல்றேன்.

நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீங்க. பச்சை எல்லாம் தண்ணி இல்லை, பழுப்பு எல்லாம் காய்ந்த நிலமும் இல்லை.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தா, கடைமடைக்குத் தண்ணி வர மேலும் நாளாகும். அதனால ஜூன் கடைசியில் கல்லணைப் பக்கம் உழவு சேறு, நாகப்பட்டினம் பக்கம் இன்னும் காய்ந்த தரிசு. ஜூலையிலிருந்து குறுவை நடவு. செப்டம்பர், அக்டோபரில் குறுவை அறுப்பு. உடனே தாளடிக்கு, அதாவது குறுவைக்கு அடுத்த நெல்லுக்கு, சேறடிப்பாங்க. நவம்பர், டிசம்பர் வடகிழக்கு மழை, எல்லாமே தண்ணி. வரப்பு மேலேயே தண்ணி நிக்கிற ஊரும் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் சம்பா அறுப்பு. தாளடி அதுக்குப் பின்னால, மார்ச் வரைகூட இழுக்கும்.

சம்பா அறுக்கறதுக்கு வாரம், பத்து நாள் முன்னாடி நிக்கிற பயிருக்குள்ளேயே உளுந்து, பயறு தெளிச்சிடுவோம். பிப்ரவரி கடைசி, மார்ச்சில் மேலேருந்து பார்த்தா பச்சையா இருக்கும். ஆனா கீழே ஈரம் போன மண், செடி முழங்காலுக்கும் கீழே. உங்களுக்கு அதுதான் நல்ல இடம்.

ஏப்ரல், மே கோடையில் களிமண் வெடிச்சுக் கிடக்கும், தரை கல்லு மாதிரி. அதுலயும் ஒரு சிக்கல்: பாபநாசம், கும்பகோணம், அம்மாப்பேட்டைப் பக்கம் போர்செட் வெச்சிருக்கறவங்க கோடையிலேயே நெல் நடுவாங்க. சுத்தியும் பழுப்பு, நடுவுல நாலு மா பச்சை தெரிஞ்சா அது சேறு.

இன்னொண்ணு, அறுப்பு மெஷின். பெல்ட் வண்டி ஈரத்துல இறங்கி அறுத்திருந்தா முழங்கால் ஆழத்துக்குக்கூடத் தடம் விழும். காய்ஞ்சதும் அது அப்படியே இறுகிடும். வைக்கோல் கட்டி உருளையா வயல் முழுக்கப் போட்டிருப்பாங்க, அதையும் பார்த்துக்குங்க.

---

கிளைடு68

வெட்டாறு அண்ணே, இதை அப்படியே பிரிண்ட் எடுத்து கிளப்பில் ஒட்டலாம்.

தண்ணீர் நிற்கிறதா என்பதை மேலேயிருந்து கண்டுபிடிக்க: சூரியன் இருக்கும் பக்கமாக வயல்களைப் பாருங்கள். பயிருக்கு நடுவே தண்ணீர் இருந்தால் விமானம் நகர நகர வெளிச்சம் பளிச்சிட்டுக்கொண்டே கூட வரும். உளுந்து வயலில் அது இருக்காது.

---

மாணவன்_ஏழு

சார், வரப்பு குறுக்கே வந்தால்? நம்ம ஊர் வயலெல்லாம் துண்டு துண்டாக இருக்கிறதே.

---

கிளைடு68

தம்பி, டெல்டாவில் வரப்பே குறுக்கே வராத 300 மீட்டர் தேடினால் தரைக்கு வந்துவிடுவாய். வரப்பு சாதாரணமாக ஒரு அடி, ஒன்றரை அடி உயரம். வேகத்தோடு அதில் மூக்குச் சக்கரம் மோதினால் சக்கரம் ஒடிந்து மூக்கு குத்தும். அதனால்:

வயல் துண்டுகளின் நீளவாக்கில் இறங்கு. வாய்க்காலை ஒட்டிய துண்டுகள் பெரும்பாலும் நீளமானவை. வாய்க்காலுக்கு இணையாகப் போனால் வரப்பு எண்ணிக்கை குறையும், மெஷின் தடமும் பெரும்பாலும் அந்த வாக்கில்தான் இருக்கும். ஒரு வரப்பைத் தாண்டிய உடனே தொடு. அடுத்த வரப்புக்கு வரும்போது வேகத்தின் பெரும்பகுதி போயிருக்கும்.

காய்ந்த வயல்: முழு ஃபிளாப் (வேகம் குறைக்க இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் மடல்), சற்று வால் தாழ்த்தித் தொடுதல், தொட்டதும் பலமாக பிரேக், கன்ட்ரோலை வயிற்றோடு இழுத்துப் பிடி.

சேற்று வயல்: பிரேக்கைத் தொடவே தொடாதே. எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக, மூக்குச் சக்கரத்தைக் கடைசி நொடி வரை தூக்கியே வை. அது சேற்றில் புதைந்ததும் 172 குப்புறக் கவிழ வாய்ப்பு அதிகம் என்று எண்ணியே தயாராகு. சக்கரம் மடங்கும் விமானம் என்றால் சேற்றுக்கும் தண்ணீருக்கும் மடக்கியே இறக்குவது நல்லது.

கதிர் முற்றிய சம்பா இடுப்பு உயரம் நிற்கும். அதன் நுனியைத்தான் தரை என்று எடுத்துக்கொண்டு ஃபிளேர் செய் (தொடுவதற்குச் சற்று முன் மூக்கைத் தூக்கி இறக்கத்தைக் குறை). மண்ணைப் பார்த்துச் செய்தால் சக்கரம் பயிரில் மாட்டி வேகத்தோடு இழுக்கும்.

தொடுவதற்கு முன் மிக்ஸ்சர் (எரிபொருள் கலவை) கட், ஃபியூயல் ஷட்ஆஃப், இக்னிஷன் ஆஃப். 172-ல் ஃபிளாப் மின்சாரத்தில் ஓடுவது. அது முழுதாக இறங்கிய பிறகே மாஸ்டர் (மொத்த மின்சார சுவிட்ச்) ஆஃப். கதவுகளின் தாழ்ப்பாளை முன்பே திறந்து வை, சட்டம் வளைந்தால் பிறகு திறக்காது.

கவிழ்ந்தால் தலைகீழாகத் தொங்குவாய். முதலில் ஒரு கையைக் கூரையில் ஊன்று, பிறகு பெல்ட்டை விடு. இதை மாற்றிச் செய்தால் தலைகுப்புற விழுந்து கழுத்தில் அடிபடும். வயலில் அரை அடித் தண்ணீர் இருந்தாலும் முகம் அதில் புதையலாம், அவசரப்படாமல் ஆனால் தாமதிக்காமல் வெளியேறு. மேலிறக்கை விமானம் கவிழ்ந்தால் டேங்க் வென்ட் வழியாகப் பெட்ரோல் ஒழுகும்.

---

நாலுவழி

இவ்வளவு சிக்கலுக்கு தஞ்சாவூர்–திருச்சி நாலுவழிச் சாலையில் இறக்கிவிட்டுப் போகலாமே? தார், நேர்க்கோடு, ஆம்புலன்ஸும் சீக்கிரம் வரும்.

---

காற்றுத்திசை

172-ன் இறக்கை நீளம் 36 அடி. ஒரு பக்க இருவழித் தடத்தின் தார்ப்பரப்பு ஏழு மீட்டர் சொச்சம், அதாவது 24 அடி. நடுத்திட்டில் அரளிச்செடியும் விளக்குக் கம்பமும், ஓரத்தில் வழிகாட்டிப் பலகைகளும் டோல் கூரையும். இதற்கு மேல் டெல்டாச் சாலைகளில் நூறு மீட்டருக்கு ஒரு மின்கம்பி குறுக்கே போகும். கடைசியாக, கீழே போகும் பஸ்ஸுக்கும் இரு சக்கர வண்டிக்கும் நீங்கள் வருவது தெரியாது. வயலில் விழுந்தால் ஆபத்து உங்களுக்கு மட்டும்.

விளக்கில்லாத, ஆளில்லாத புதிய புறவழிச்சாலை கிடைத்தால் ஒப்புக்கொள்கிறேன். கும்பகோணம் உள்சாலைகள் வேண்டவே வேண்டாம், இரண்டு பக்கமும் புளியமரம்.

---

நாலுவழி

போக்குவரத்தோடு ஒரே திசையில் இறங்கினால் வேக வித்தியாசம் குறைவுதானே?

---

கிளைடு68

லாரியோடு குறைவு. பால்காரர் சைக்கிளோடு இல்லை.

---

லைன்மேன்_திருவாரூர்

கம்பி விஷயத்தில் யாரும் விரிவாகப் பேசவில்லை. மின்கம்பி மேலேயிருந்து கண்ணுக்குத் தெரியாது, கம்பம்தான் தெரியும். அதுவும் பனைமர வரிசைக்குள் மறைந்துவிடும். விதி இதுதான்: வயல் நடுவே சின்ன மோட்டார் கொட்டகை தெரிந்தால் அங்கே லைன் வருகிறது என்று அர்த்தம். இரண்டு கம்பம் தெரிந்தால் நடுவே கம்பி இருக்கிறது. கடைசிக் கம்பத்தில் சாய்வாக ஒரு ஸ்டே கம்பி தரைக்கு இறங்கும். டிரான்ஸ்பார்மர் தெரிந்தால் அதிலிருந்து மூன்று, நான்கு திசைக்கு லைன் பிரியும்.

இறங்கும் திசையைக் கம்ப வரிசைக்கு இணையாக வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே போக வேண்டி வந்தால் கம்பத்தின் தலைக்கு நேர் மேலே தாண்டுங்கள், கம்பியைத் தேடாதீர்கள். கம்பம்தான் அந்த லைனில் உயரமான புள்ளி. ஒன்று மட்டும் விதிவிலக்கு: உயரழுத்தக் கோபுரங்களில் உச்சிக்கு உச்சி மெல்லிய எர்த் கம்பி ஒன்று ஓடும். அது கண்ணுக்கு அறவே தெரியாது.

கம்பி அறுந்து விமானத்தின் மேலோ பக்கத்திலோ கிடந்தால் உள்ளேயே உட்காருங்கள், லைன் ஆஃப் செய்யும் வரை. தீப்பிடித்தால் மட்டும் இரண்டு காலும் சேர்த்து வெளியே குதியுங்கள். ஒரே நேரத்தில் விமானத்தையும் தரையையும் தொடாமல், கால்களைச் சேர்த்தபடியே நகர்ந்து விலகுங்கள்.

---

மாணவன்_ஏழு

கொள்ளிடம் மணல்? ஆண்டில் பாதி நாள் காய்ந்துதானே கிடக்கிறது. அகலமும் இருக்கிறது.

---

காற்றுத்திசை

நல்ல கேள்வி. காவிரியும் கொள்ளிடமும் அவற்றின் கிளைகளும் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகின்றன. தென்மேற்குப் பருவத்தில் காற்றும் மேற்கிலிருந்து. ஆகவே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆற்றின் நீளவாக்கிலேயே மேற்கு நோக்கி இறங்கினால் எதிர்காற்று இலவசம். ஏப்ரல், மே பிற்பகலில் கடல்காற்று கிழக்கிலிருந்து உள்ளே வரும், அப்போது கிழக்கு நோக்கி. வடகிழக்குப் பருவத்தில் காற்று ஆற்றுக்குச் சாய்வாக அடிக்கும், ஆற்றிலும் தண்ணீர் இருக்கும். அதை மறந்துவிடுங்கள்.

காய்ந்த வெள்ளை மணல் மென்மையானது, மூக்குச் சக்கரம் புதையும். ஆற்றோட்டத்துக்குப் பக்கத்தில் ஈரம் பட்டு நிறம் கருத்த மணல் கெட்டி. ஆனால் கருப்பாகப் பளபளத்தால் அது வண்டல் சேறு. மணல் அள்ளிய குழிகள் நேர் விளிம்போடு தெரியும், தண்ணீரும் நிற்கும். நாணல் புதர் இருக்கும் திட்டின் விளிம்பு செங்குத்தாக இறங்கும். பாலங்களையும் கதவணைகளையும் வரைபடத்தில் முன்கூட்டியே குறித்துவையுங்கள், அவற்றை ஒட்டி ஆற்றைக் கடக்கும் மின்தொடர்களையும். கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் கதவு திறந்திருக்கும் நாட்களில் காலையில் பார்த்த மணல் திட்டு மாலையில் இருக்காது.

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தை நெருங்கி இருந்தால் தயங்க வேண்டாம். ரேடியோவில் மேடே (உயிராபத்து அழைப்பு) சொல்லிவிட்டு இறங்குங்கள், விளக்கம் பிறகு.

---

ஏஎம்ஈ_திருச்சி

பாராசூட் பக்கம் வருகிறேன். விமானம் முழுவதையும் தாங்கும் பாராசூட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தவர் போரிஸ் போபோவ். 1980-ல் பிஆர்எஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். சிரஸ் எஸ்ஆர்20 1998-ல் சான்று பெற்றபோது இது விமானத்தோடேயே வந்தது, காப்ஸ் என்று பெயர். செஸ்னா 172-க்கும் பிறகு பொருத்தும் கிட் உண்டு, ஆனால் எடை கூடும், சுமக்கும் அளவு குறையும்.

வேலை செய்யும் விதம்: கூரையில் உள்ள சிவப்புக் கைப்பிடி. மூடியை அகற்றி, இரண்டு கையாலும் நேராகக் கீழே, முழுதாக இழுக்க வேண்டும். 20 கிலோ அளவுக்கு விசை தேவைப்படலாம், பாதி இழுத்து விட்டால் எதுவும் நடக்காது. பின்னால் உள்ள ராக்கெட் மூடியைப் பிய்த்துக்கொண்டு குடையை வெளியே இழுக்கும். சரடுகளில் ஒரு வளையத் துணி மேலே ஒட்டி நின்று குடை ஒரேயடியாக விரியாமல் தடுக்கும், பிறகு மெல்லக் கீழே வழுக்கும். வேகமாகப் பறக்கும்போது சரடு அறாமல் காப்பது அதுதான். முதலில் மூக்கு தாழ்ந்து தொங்குவீர்கள். சுமார் 8 வினாடி கழித்துப் பின்பக்கச் சரட்டைக் கட்டியிருக்கும் கயிற்றைக் கட்டர் வெட்டும், விமானம் ஏறத்தாழ சமமாகும்.

எண்கள்: சிரஸின் இன்னொரு மாடலான எஸ்ஆர்22-ன் பழைய வகையில் நேர்ப்பறத்தலில் இழுத்தால் சோதனையில் இழந்த உயரம் 400 அடி, ஒரு சுற்று ஸ்பின்னில் (சுழன்று விழும்போது) 920. எடை கூடிய புதிய வகையான ஜி5-ல் 561-ம் 1081-ம். இழுக்கச் சோதித்த உச்ச வேகம் பழையதில் 133 நாட், ஜி5-ல் 140. இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 1700 அடி அளவு. 13 அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதைச் சக்கரக் கால்களும் இருக்கைக்கு அடியிலுள்ள தேன்கூட்டு அலுமினியமும் நசுங்கி வாங்கிக்கொள்ளும்.

தரையில் நிற்கும்போது கைப்பிடியில் பாதுகாப்பு ஊசி இருக்கும். பறக்குமுன் அதை எடுக்காவிட்டால் நீங்கள் சுமப்பது வெறும் மூட்டை. சிரஸில் குடையும் ராக்கெட்டும் 10 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ராக்கெட் வெடிபொருள் கணக்கில் வருவதால் இறக்குமதிக்கு நாளாகும். காலாவதி மாதத்தில் ஆர்டர் போட்டால் விமானம் ஹேங்கரில்தான்.

---

கிளைடு68

அதெல்லாம் சரி. ஆனால் மார்ச்சில், திருவாரூருக்கு மேல், பகலில், கீழே முழுக்க உளுந்து வயல் இருக்கும்போது குடையை இழுப்பது எனக்குப் புரியவில்லை. குடை விரிந்தபின் திசையே உங்கள் கையில் இல்லை. 1000 அடி இறங்க 35 வினாடி. 20 நாட் காற்றில் அதற்குள் 360 மீட்டர் தள்ளிக்கொண்டு போகும். கம்பி மேலா, குளத்திலா என்று தெரியாது.

---

ஏஎம்ஈ_திருச்சி

சார், உங்கள் கணக்கு செஸ்னாவுக்கு. 172 முழு ஃபிளாப்பில் 40 நாட்டில் ஸ்டால் ஆகும். சிரஸ் 60-ஐ ஒட்டி. ஆற்றல் இரண்டு மடங்குக்கு மேல். சக்கர உறையோடு அந்த வேகத்தில் மூன்று வரப்பைத் தாண்ட முடியுமா? சிரஸ் பயிற்சியில் சொல்வதும் அதனால்தான்: 2000 அடிக்கு மேல் என்றால் கோளாறைப் பாருங்கள், முடிவெடுங்கள். 600-க்கும் 2000-க்கும் நடுவே என்ஜின் நின்றால் உடனே இழுங்கள். 600-க்குக் கீழே நேராக முன்னால் இறக்குங்கள். பழைய மாடல்களுக்கு அந்தக் கீழெல்லை 500.

இரவு, கீழே மூடுபனி, விமானம் கட்டுப்பாட்டை இழந்தது, ஆகாயத்தில் மோதல், பைலட் மயக்கம். இவற்றில் வயல் எவ்வளவு நல்லதானாலும் குடைதான். மார்கழிக் காலைப் பனியில் டெல்டா முழுக்க ஒரே வெள்ளை.

---

கிளைடு68

இரவையும் பனியையும் ஒப்புக்கொள்கிறேன். சிரஸுக்கு 2000 அடி விதியையும். ஆனால் கிட் போட்ட 172-ல் பகலில் நான் வயலுக்கே போவேன். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம்.

எந்தக் கட்சியானாலும் ஒரு விஷயம்: "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று 400 அடி வரை வந்துவிட்டு இழுப்பதுதான் இரண்டு வழியையும் கெடுப்பது. உயரத்தை டேக்ஆஃபுக்கு முன் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

---

கோடியக்கரை

கடலோரத்துக்கு இரண்டு வரி. வேதாரண்யம் உப்பளம் மேலேயிருந்து ஓடுபாதை போலத் தெரியும். பாத்தி வரப்பு சின்னதுதான், அடியில் ஈரக் களி. அதன் மேற்கே சதுப்பில் கோடையில் மேல்பொருக்கு காய்ந்து கெட்டியாகத் தெரியும், கீழே சேறு. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் இறங்கினால் உயிர் பிழைத்தாலும் படகில்லாமல் யாரும் வர முடியாது. இறால் குட்டைகளில் காற்றுக் கலக்கும் துடுப்புச் சக்கரமும் வயரும் இருக்கும். இவை எல்லாவற்றையும்விட அலை நனைத்த கடற்கரை மணல் நல்லது, படகுகள் இல்லாத இடமாகப் பார்த்து இறங்குங்கள்.

குடையோடு கடலில் இறங்குவது சுலபம் என்று நினைக்காதீர்கள். தண்ணீரில் சக்கரக் கால் நசுங்காது, அதிர்ச்சி முழுக்க இருக்கைக்கும் முதுகெலும்புக்கும்.

---

ஏஎம்ஈ_திருச்சி

இறங்கிய பிறகு. குடையில் வந்தால் காற்று குடையை மறுபடி நிரப்பி விமானத்தை இழுக்கும். நின்றபின், காற்று வரும் பக்கமாக வெளியேறுங்கள், சரடுகளுக்குள் மாட்டாதீர்கள்.

ஐந்து நிமிடத்தில் ஊரே வந்துவிடும். நல்ல மனதோடுதான் வருவார்கள், ஆனால் கையில் பீடியும் போனும் இருக்கும். பெட்ரோல் ஒழுகுகிறது என்று சத்தமாகச் சொல்லி 50 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். குடையை இழுக்காமல் வயலில் இறங்கியிருந்தால், இன்னும் சுடாத ராக்கெட்தான் பெரிய ஆபத்து. பின் கண்ணாடிக்குப் பின்னாலுள்ள மூடிக்கு நேரே யாரையும் நிற்கவிடாதீர்கள். முடிந்தால் கைப்பிடியில் ஊசியைத் திரும்பச் செருகுங்கள். நசுங்கிய கூரையை வெட்டுவதற்கு முன் தீயணைப்பு வீரர்களிடம் சொல்லுங்கள். இழுப்புக் கேபிளை வெட்டினாலோ இழுத்தாலோ அது சுடும்.

காயம்பட்டவரை எடுப்பதற்குத் தவிர விமானத்தை நகர்த்தக் கூடாது. விபத்து விசாரணைப் பிரிவும் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவும் சொல்லும் வரை டிராக்டர் கட்டி இழுக்க ஊர் மக்கள் முன்வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

---

வெட்டாறு

வயல்காரருக்கு நஷ்டஈடு யார் குடுப்பாங்க?

---

காற்றுத்திசை

விமான உரிமையாளரின் மூன்றாம் நபர் காப்பீடு, அண்ணே. விஏஓவை வரச் சொல்லி, சேதமான பரப்பை அளந்து, அன்றைக்கே போட்டோவும் எடுத்துவையுங்கள்.

---

மாணவன்_ஏழு

ரேடியோவில் எந்த அலைவரிசை? அவசர அலைவரிசை 121.5-க்கு மாற்ற வேண்டுமா?

---

கிளைடு68

திருச்சியோடு ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தால் அதிலேயே மேடே சொல். மாற்றுவதில் நேரம் போகும். யாரும் கேட்காவிட்டால் 121.5. ரேடாருக்குப் பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில் அவசரக் குறியீடு 7700. இடத்தைச் சொல்லும்போது "திருவாரூருக்கு வடக்கே" என்று சொல்லாதே, அங்கே எல்லா வயலும் ஒன்றுதான். கோயில் கோபுரம், ரயில்பாதை, ஆறு, இவற்றிலிருந்து எத்தனை மைல் என்று சொல். 500 அடிக்குக் கீழே ரேடியோவை விட்டுவிட்டு விமானத்தை மட்டும் ஓட்டு. தரையில் இறங்கியதும் 406 பீக்கன் (விமானம் கிடக்கும் இடத்தைச் செயற்கைக்கோளுக்குச் சொல்லும் அவசரக் கருவி) தானாக வேலை செய்ததா என்று பேனல் விளக்கைப் பார், இல்லையென்றால் சுவிட்சை ஆன் செய். அதன் பேட்டரிக் காலாவதி தேதி வெளி லேபிளில் இருக்கும், அதைப் பறக்குமுன் பார்ப்பதுதான் முறை.